இடது மூலைப் பூ

பெயிண்ட் விஷயத்தில் குணசேகரனுக்கு யாரும் புத்தி சொல்லிவிட முடியாது. ஹைதராபாத்தில் லாலாகுடா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருஷம் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார், மண்டபத்துச் சுவரைத் தடவிப் பார்ப்பார். "பட்டி காயறதுக்குள்ள மேல அடிச்சிட்டானுங்க" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லுவார். பக்கத்து இலைக்காரருக்கு அந்தத் தகவல் எதற்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. திருமுல்கேரியில் அவர் வீட்டு இரும்பு கேட்டில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அவ்வளவு வழவழப்பு.

அப்பேர்ப்பட்டவர் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய தவறும் பெயிண்ட் விஷயத்தில்தான் நடந்தது. அதைச் செய்தபோது மகளுக்கு ஒத்தாசை செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மகள் பானு, ஒரே பெண். இருபத்தாறு வயது. ஹைடெக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பேகம்பேட்டில் ஓவிய வகுப்பு. 2006 ஆகஸ்டில் நான்கடிக்கு மூன்றடியில் ஒரு கேன்வாஸ் வாங்கி வந்து பின் வராந்தாவில் சாய்த்தாள். கம்பெனி புதுக் கட்டடத்துக்குப் போகப்போகிறதாம். ஒவ்வொரு மாடியிலும் அங்கே வேலை செய்கிறவர்களே வரைந்த படத்தை மாட்டப்போகிறார்களாம். மூன்றாவது மாடிக்குப் பானுவின் படம்.

நான்கு வாரம் அதிலேயே கிடந்தாள். கேன்வாஸைத் தரையில் படுக்கவைத்துத் தண்ணீர் தெளித்து நிறத்தை ஓடவிட்டாள். காய்ந்ததும் தலைகீழாகத் திருப்பி இன்னொரு நிறம். அப்புறம் ட்யூபிலிருந்து அக்ரிலிக்கை அப்படியே கெட்டியாகப் பிதுக்கி, பிரஷைத் தூரப் போட்டுவிட்டு விரலாலேயே இழுத்தாள். இழுத்த இடமெல்லாம் பள்ளமும் மேடுமாக நின்றது.

"இது இன்னா பூவும்மா?" என்று குணசேகரன் கேட்டார்.

"பூ இல்லப்பா. பூ மாதிரி."

"மாதிரின்னா?"

பானு சிரித்தாள். அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாதென்று அவளுக்குத் தெரியும். அவருக்கோ அந்த மேடு பள்ளம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு கரடுமுரடாக ஒரு பெட்டியை விட்டிருந்தால் இன்ஸ்பெக்டர் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் வண்டி ஏறும்போது பானு சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு கோட் இருக்குப்பா. ஞாயித்துக்கிழமை முடிச்சிருவேன்."

கடைசிக் கோட்டுக்கு முன்னால் என்ன செய்யவேண்டும் என்பது குணசேகரனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கவேண்டும். பிள்ளைக்கு நேரம் எங்கே இருக்கிறது? கேன்வாஸ் தொய்யாமல் இருக்க அடியில் ஒரு பிளைவுட் பலகையைக் கொடுத்து, சப்பணம் போட்டு உட்கார்ந்து, பத்து மணிக்குத் தேய்க்க ஆரம்பித்தார். மேடெல்லாம் கரைந்து சேறாக ஓடியது. நல்ல வேலைக்காரர், சும்மா சொல்லக் கூடாது, ஒரு இடம் அதிகம் ஒரு இடம் குறைவு என்றில்லாமல் தேய்த்தார். இடது கீழ் மூலையில் உள்ளங்கை அகலம் பாக்கி இருந்தபோது மனைவி லூர்துமேரி கூப்பிட்டாள்.

"சோறு ஆறிப் போவுது. அப்புறம் தேச்சிக்கலாம் வாங்க."

சாப்பிட்டுப் படுத்தவர் கொஞ்சம் அதிகமாகவே தூங்கிவிட்டார். எழுந்தபோது பானு வந்துவிட்டிருந்தாள். கழுத்தில் ஐடி கார்டு, தோளில் பை, அப்படியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னப்பா பண்ணீங்க?"

"ரப்பிங் குடுத்துட்டேம்மா. இனிமே நீ ஃபினிஷிங் அடி, கண்ணாடியாட்டம் வரும் பாரு."

பானு அந்தக் கேன்வாஸையே பார்த்தாள். ரோஜா நிறத்துக்கு அடியிலிருந்த மஞ்சளும், மஞ்சளுக்கு அடியிலிருந்த நீலமும் திட்டுத் திட்டாக வெளியே வந்திருந்தன. மூலையில் மட்டும் ஒரு பூ, இல்லை, பூ மாதிரி ஒன்று தப்பித்திருந்தது.

"பரவால்லப்பா. அக்ரிலிக் தானே, மேல போட்டுக்கலாம்" என்றாள். இரண்டு தோசை சாப்பிட்டாள். அடுத்த தடவை தேய்ப்பதென்றால் தன்னிடம் முதலிலேயே சொல்லும்படி குணசேகரன் பெருந்தன்மையோடு சொன்னார். சரிப்பா என்றாள்.

சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. ஆபீஸ் பையன்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். எட்டாம் நாள் காலையில் பானு போய்விட்டாள். அவள் முடிப்பதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலிலேயே போனது, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கேன்வாஸ் வராந்தாவில் அப்படியே சாய்ந்திருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் அஸ்வினி வந்தாள். ஆபீஸில் பானுவுக்குப் பக்கத்து இருக்கை, ஓவிய வகுப்பிலும் கூட. கோயம்புத்தூர்ப் பெண், ஹைதராபாத் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஜனவரியில புது பில்டிங் திறக்கறாங்க அங்கிள். மூணாவது ஃப்ளோருக்கு வேற யாரு படமும் வேண்டாம், பானுவோடதே இருக்கட்டும்னு எல்லாரும் சொல்றாங்க. அவளுக்கு ரொம்ப ஆசைங்க. குடுப்பீங்களா?"

குணசேகரன் வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அஸ்வினி கேன்வாஸைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நான்தாம்மா ரப்பிங் குடுத்தேன். அவ ஒண்ணும் சொல்லல. பரவால்லன்னு சொல்லிட்டா."

அஸ்வினிக்குப் பொய் சொல்லும் வயதில்லை. "கேன்டீன்ல அழுதுட்டா அங்கிள்" என்றாள். "நாலு வாரம் பண்ணது, மறுபடி அது மாதிரி வரவே வராதுன்னு அழுதா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதடின்னா." சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. அவளும் அழ ஆரம்பித்தாள். காபி டம்ளரோடு வாசற்படியில் நின்ற லூர்துமேரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் செத்த அன்று குணசேகரன் அழவில்லை. ஆம்புலன்ஸ், கல்லறை, ஆட்களுக்குச் சாப்பாடு என்று ஆயிரம் வேலை இருந்தது. இப்போது குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அவள் அந்த இரண்டு தோசையை எப்படிச் சாப்பிட்டிருப்பாள் என்பதே அவருக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

வெளியே வந்து, "ஜனவரிக்குள்ள முடிச்சித் தரேம்மா" என்றார்.

அஸ்வினியின் மொபைலில் அந்தப் படத்தின் ஃபோட்டோ ஒன்று இருந்தது, வரைய ஆரம்பித்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பானு எடுத்து அனுப்பியது. பெரிதாக்கிப் பிரின்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். உருவம் ஒன்றும் துலங்கவில்லை, நிறம் மட்டும் தெரிந்தது. நிறம் தெரிந்தால் போதும் என்றார் குணசேகரன். எந்த நிறத்தைக் காட்டினாலும் கலந்து கொண்டுவந்துவிடுகிற கை அது.

கை கொண்டுவந்தது. ஆனால் காய்ந்ததும் அந்த நிறம் ஒரு படி இருண்டுபோயிற்று. எனாமல் ஒருநாளும் அவரை இப்படி ஏமாற்றியதில்லை. அக்ரிலிக்குக்குப் பொறுமையே கிடையாது, இவர் யோசித்து முடிப்பதற்குள் தட்டிலேயே தோல் கட்டிக்கொண்டது. வேண்டியதைவிட வெளுப்பாகக் கலக்கவும், லூர்துமேரியின் இஸ்திரி ஸ்ப்ரேயைத் திருடிவந்து தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கவும் ஒரு வாரத்தில் பழகினார். பானுவின் கேன்வாஸைத் தொடவில்லை. முதலில் பிளைவுட் பலகையில் பழகினார்.

பழகியது எல்லாம் தாமரையாகவே வந்தது. ஐந்து இதழ், நடுவில் பொட்டு, சுற்றிலும் கோடு.

"லாரி பின்னால போட்ட பூவாட்டம் கீது" என்றாள் லூர்துமேரி. மகள் போனதற்குப் பிறகு அன்றுவரை அவள் அவரிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அஸ்வினியும் வந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "பூவை வரையாதீங்க அங்கிள். நிறத்தைப் போடுங்க. அது எங்க பூவாகுதோ அங்க விட்டுருங்க."

ஒரு பிசிறு விடாமல் வாழ்நாளைக் கழித்தவரிடம் போய், விட்டுவிடுங்கள் என்றால் எப்படி? ஆனாலும் முயன்றார். டிசம்பர் முதல் வாரம் பானுவின் கேன்வாஸைத் தரையில் படுக்கவைத்தார். தண்ணீர் தெளித்து, நீர்த்த சாம்பல் நீலத்தை ஊற்றி, நான்கு பக்கமும் சாய்த்து ஓடவிட்டார். வழிந்த இடத்தைத் துடைக்கக் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காய்ந்ததும் தலைகீழாகத் திருப்பி மஞ்சள். அதன் மேல் ரோஜா நிறம். சின்னக் கத்தியால் கெட்டியாக வைத்து, ஒரே இழுப்பு, மறு இழுப்பு கூடாது. இழுத்தது கோணலாகப் போனால் போகட்டும் என்று எழுந்து வெளியே நடந்தார். திரும்பி வந்து பார்த்தால் சில இழுப்புகள் பூ மாதிரி இருந்தன. மாதிரி என்றால் என்ன என்று மகள் போன பிறகு அவருக்குப் புரிந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வார்?

இடது மூலையை மட்டும் அவர் நெருங்க முடியாது. லூர்துமேரி தினமும் மத்தியானம் ஒரு முக்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். அந்தத் தப்பித்த பூவில் பானுவின் விரல் இழுத்த பள்ளம் ஒன்று, நுனியில் ரேகைகூடத் தெரிகிற மாதிரி இருந்தது. மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய கையோடு வந்து, ஆள்காட்டி விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். அதற்கு அப்புறம்தான் அவளுக்குக் காபியே இறங்கும்.

"இந்த மூலையில கை வெச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"வெக்கமாட்டேன் மேரி."

வைக்கவில்லை. ஒரே பலகையில் பழசு கொஞ்சம் புதுசு கொஞ்சமாக விடுவது அவர் தொழிலில் வெட்கக்கேடு. இருந்தும் விட்டார். மூலையை நோக்கி வர வர மற்றப் பூக்களின் நிறத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். பார்க்கிறவர் கண் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அந்தச் சின்னப் பூவில் போய் நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. ஜனவரி மூன்றாம் தேதி முடிந்தது.

ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை அஸ்வினி வேனோடு வந்தாள். லூர்துமேரி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"நக்கோ, வேணாம். அவளையே குடுத்தாச்சி. இதையும் எதுக்குக் குடுக்கணும்?"

"ஆசைப்பட்டா மேரி. நான்தானே கெடுத்தேன். அந்தச் செவுத்துல ஏத்தறது என் பொறுப்பு."

"போனா வருமா?"

அந்தக் கேள்விக்குக் குணசேகரனிடம் பதில் இருந்தது. உள்ளே போய்ப் பழைய டிரங்கைத் திறந்து, தகரத்தில் எண்கள் வெட்டிய அச்சுகளை எடுத்து வந்தார். வொர்க்‌ஷாப்பில் பழுது பார்த்து வெளியே போகிற ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் இரண்டு தேதி போடுவார்கள். ஒன்று வேலை முடிந்த தேதி. இன்னொன்று, ஒன்றரை வருஷம் கழித்து அது திரும்பி வரவேண்டிய தேதி, ரிட்டர்ன் தேதி. கௌஹாத்தியில் ஓடினாலும் கன்னியாகுமரியில் ஓடினாலும் பெட்டி அந்தத் தேதிக்கு வந்துவிடும். எத்தனையோ ஆயிரம் பெட்டிகளுக்கு அவர் கையால் போட்டிருக்கிறார், வராமல் போனதாக அவர் ஒன்றையும் கண்டதில்லை.

கேன்வாஸின் பின்பக்கம், நட்டநடுவில், கறுப்பு எனாமலில் இரண்டு வரி வைத்தார். 05-01-07. அதன் கீழே, R 05-07-08.

லூர்துமேரி முப்பது வருஷம் வொர்க்‌ஷாப்காரனோடு குடித்தனம் செய்தவள். தேதியைப் படித்தாள், கொஞ்சம் யோசித்தாள், விலகி நின்றாள்.

"ஒன்றரை வருஷம்மா" என்றார் குணசேகரன் அஸ்வினியிடம். "அதுக்கப்புறம் வூட்டுக்கு வந்துரணும்."

"நானே கொண்டாந்து குடுக்கறேனுங்க அங்கிள்" என்றாள் அஸ்வினி. மனதாரத்தான் சொன்னாள்.

திறப்பு விழாவுக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். படத்துக்கு அடியில் பானுவின் பெயர் பித்தளையில் இருந்தது. ஆட்கள் வந்து கைகொடுத்தார்கள். லூர்துமேரி பார்த்துக்கொண்டிருந்தது மூலையை மட்டும். சுற்றி நிறையப் பேர் இருந்ததால் விரல் வைக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒன்றரை வருஷம் என்பது சொல்லும்போது சின்னது. லூர்துமேரி காலண்டரில் நாளைக் கிழிக்கும்போதெல்லாம் அந்தத் தேதியைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டாள்.

2008 ஜூலை ஐந்தாம் தேதி சனிக்கிழமையாக வாய்த்தது. குணசேகரன் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டு, கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். படத்தை மாட்டச் சுவரில் ஆணி அடித்த இடம் தயாராக இருந்தது. ஒரு வேனும் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் அஸ்வினியின் எண்ணுக்குப் போன் செய்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று தெலுங்கில் ஒன்று, இந்தியில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று என மூன்று தடவை சொன்னது. அவள் மார்ச் மாதமே சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போயிருந்தாள். யாரும் இவருக்குச் சொல்லவில்லை, யாருக்குச் சொல்லத் தோன்றும்?

"தேதி போட்டீங்களே" என்றாள் லூர்துமேரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ரயில்வேக்கு வெளியே அந்தத் தேதியை ஒருவனும் படிக்கமாட்டான் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் குணசேகரனுக்கு விளங்கியது. ஒரு தகர அச்சை நம்பி மகளை இரண்டாம் தடவை கொடுத்துவிட்டோமே என்று நினைத்து நினைத்துக் குமைந்தார்.

திங்கட்கிழமை மூன்று பஸ் மாறி ஹைடெக் சிட்டிக்குப் போனார். செக்யூரிட்டிக்காரனிடம் அரை மணி, வரவேற்பில் ஒரு மணி. மூன்றாவது மாடியில் இப்போது வேறு பிரிவாம். பானுவைத் தெரிந்தவர்கள் யாரும் அந்தத் தளத்தில் இல்லை. கடைசியில் கட்டடப் பராமரிப்பைப் பார்க்கிற உமாசங்கர் என்பவர் வந்தார். சேலத்துக்காரர், மரியாதையான ஆள். ஒரு சின்ன மீட்டிங் ரூமுக்குக் கூட்டிப்போனார்.

படம் அங்கே இருந்தது. ஆனால் சிறுத்துப் போயிருந்தது. புதுச் சட்டம். இடது மூலையைக் காணோம்.

"இங்க இடம் பத்தல சார்" என்றார் உமாசங்கர். "ஃப்ரேம்காரன்கிட்ட குடுத்தோம், ஓரத்தைப் பின்னால மடிச்சு அடிச்சுக் குடுத்தான். வெட்டல சார்."

குணசேகரன் படத்தை இறக்கித் திருப்பி, பின்னால் இருந்த எண்களைக் காட்டினார். அது ஏதோ சரக்கு நம்பர் என்று நினைத்ததாகச் சொன்னார் உமாசங்கர். இரண்டு வரிக்கும் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார். உடனே கேட் பாஸ் எழுதக் கிளம்பிவிட்டார். அந்தச் சீட்டிலும் திரும்பி வரவேண்டியது, வரவேண்டாதது என்று இரண்டு கட்டம் இருந்தது. இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வாங்கி, ஆட்டோ வரை தானே தூக்கிவந்து ஏற்றிவிட்டார்.

திருமுல்கேரி வரை குணசேகரன் படத்தை மடியிலேயே வைத்திருந்தார். மடித்தால் பெயிண்ட் வெடிக்கும். அது அவருக்குத் தெரிந்த விஷயம். எனாமல் அடித்த தகடு லேசாக வளைந்தாலே செதில் செதிலாக உதிரும். இது ஒரேயடியாகப் பின்பக்கம் மடங்கி எத்தனை மாதமோ கிடந்திருக்கிறது. உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கி எதில் வைத்து ஒட்டுவது என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

வராந்தாவில் பழைய வேட்டியை விரித்துப் படத்தைக் கவிழ்த்து வைத்தார். ஸ்க்ரூ டிரைவரால் பின்களை ஒவ்வொன்றாக நெம்பினார்.

"வெடிச்சிருக்கும் மேரி. நீ பாக்காத, உள்ள போ."

லூர்துமேரி போகவில்லை. கடைசிப் பின்னும் வந்தது. மடிப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தார். உதிரும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். சத்தமே வரவில்லை. கேன்வாஸோடு சேர்ந்து பெயிண்டும் ரப்பராட்டம் வளைந்து, நிமிர்ந்து, படுத்தது. திருப்பிப் பார்த்தார். குறுக்கே ஒரு தழும்பு இருந்தது. பூ முழுசாக இருந்தது. பள்ளமும் இருந்தது.

பரவால்லப்பா, அக்ரிலிக் தானே. அவள் சொன்னது அப்படியே அவர் காதில் கேட்டது. பெயிண்டைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் ஒருநாளாவது உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

லூர்துமேரி குந்தி உட்கார்ந்து ஆள்காட்டி விரலைப் பள்ளத்தில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்களும் வைங்க" என்றாள்.

குணசேகரன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். முப்பத்து நான்கு வருஷம் சுரண்டியும் தேய்த்தும் தடித்துப்போன விரல், பள்ளத்துக்குள் போகவில்லை. அமுக்கினால் எங்கே அழிந்துவிடுமோ என்று பயந்து எடுத்துக்கொண்டார். அப்புறம் சுண்டு விரலை வைத்துப் பார்த்தார். அது போயிற்று.